ஃபெலிக்ஸ் என்றால் அதிர்ஷ்டசாலி

நான் பார்த்த மனிதர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி ஃபெலிக்ஸ்தான். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். முள் குத்தும் என்று மீன் தின்ன மாட்டான். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் என் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு புனேயின் ஆளந்தி ரோடு முழுக்க "மெள்ளண்ணா, மெள்ள" என்று முனகிக்கொண்டே வருவான். இப்பேர்ப்பட்டவன் வேலை பார்த்தது டெட்டனேட்டர் கம்பெனியில். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பார்களே, அந்த வெடியைக் கிளப்பிவிடும் சின்ன அலுமினியக் குழாய்தான் டெட்டனேட்டர். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒன்று வெடித்தால் விரல் போகும். தட்டோடு வெடித்தால் ஆள் போவான்.

என் பெயர் ஜம்பு. நானும் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஃபெலிக்ஸ் தினமும் செத்துச் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் கம்பெனி இல்லை, என் வாய்தான். மற்றவர்கள் அவனைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். நடந்தது நான் எழுதுவதுதான்.

புனேயிலிருந்து கம்பெனி பஸ் நாற்பது நிமிஷம் போகும். மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று நூறடி தள்ளி, பத்துப் பன்னிரண்டு ஷெட்டுகள். ஒவ்வொரு ஷெட்டைச் சுற்றியும் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. சுவர் கெட்டி, கூரை மட்டும் லேசான தகடு. வெடித்தால் பக்கத்து ஷெட்டுக்குப் பரவாமல் மேலே போகட்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருந்தார்கள். எங்கள் நாலாம் ஷெட் வாசலில் 'நாலு பேருக்கு மேல் கூடாது' என்று போர்டு தொங்கும். போனால் நாலோடு போகட்டும் என்று அதற்கு அர்த்தம். அந்த நாலு பேர் நான், ஃபெலிக்ஸ், ஆம்பூர்க்காரர் இஸ்மாயில், கேட் என்ற ஊர்ப் பக்கத்து மராத்திக்காரன் தத்து. எங்களுக்கு மேலே ஃபோர்மன் சுர்வே.

இவ்வளவு பயந்தவன் அங்கே ஏன் போனான் என்று கேட்பீர்கள். அவன் அப்பா அமல்ராஜ் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து வந்து கண்டோன்மெண்டில் பெயிண்டராக இருந்தவர். பையன் கிளார்க் வேலைக்கு எழுதிய மூன்று பரீட்சையும் ஊற்றிக்கொண்டது. கல்யாணமும் ஆகிவிட்டது. வேலை இல்லாமல் மாமனார் முன்னால் நிற்கிற பயம், வெடிமருந்துப் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. தொண்ணூற்றொன்றில் சேர்ந்தான்.

தொண்ணூற்று மூன்றில் அவன் மகள் ஜெசிந்தாவுக்கு ஞானஸ்நானம். விஷ்ராந்த்வாடியில் அவன் வீட்டு மாடியில் ஷாமியானா போட்டுச் சாப்பாடு. ஃபாதர் ஸ்தனிஸ்லாஸ் வந்திருந்தார். செமினரியில் லத்தீன் கரைத்துக் குடித்தவர், தஞ்சாவூர்க்காரர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். நான்தான் போய் மாட்டினேன்.

"ஃபாதர், குழந்தைக்கு ஜெசிந்தான்னு வெச்சீங்க, அர்த்தம் சொன்னீங்க. இவன் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று ஃபெலிக்ஸைக் காட்டிக் கேட்டேன்.

"இவன் பொறந்தது ஜனவரி பதினாலு. அது ஃபெலிக்ஸ்னு ஒரு புனிதரோட நாள். அமல்ராஜ் காலண்டர்ல பாத்து அதையே வெச்சுட்டார்," என்றார் ஃபாதர். "லத்தீன்ல ஃபெலிக்ஸ்னா அதிர்ஷ்டசாலி. பாக்கியவான்னும் சொல்லலாம். ரோம்ல ஒரு தளபதி இருந்தான். போன சண்டையெல்லாம் ஜெயிச்சான். கடைசியில தன் பேருக்குப் பின்னால ஃபெலிக்ஸ்னு தானே ஒரு பட்டம் சேத்துக்கிட்டான், பாத்துக்கோங்க. ஆனா அந்த வார்த்தை முதல்ல..."

அந்த நேரம் பார்த்து பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். நான் எழுந்து போய்விட்டேன். மீதியைக் கேட்க எனக்கு எட்டு வருஷம் ஆனது.

அடுத்த புதன்கிழமை, ஷெட்டில், மருந்து அடைத்து அழுத்திய நூறு குழாய்களோடு ஒரு பித்தளைத் தட்டு ஃபெலிக்ஸ் கையிலிருந்து நழுவியது. பயந்தவன் கை நடுங்கும், நடுங்கின கையிலிருந்து தட்டு விழும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தரையில் பட்ட சத்தம் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. குழாய்கள் உருண்டன. இஸ்மாயில் பாய் கண்ணை மூடிக்கொண்டார். தத்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் என் பிள்ளைகளை நினைக்கக்கூட நேரமில்லாமல் நின்றேன். ஒன்றுமே வெடிக்கவில்லை.

கடைசிக் குழாய் உருண்டு நின்ற பிறகு தத்து பெரிதாக மூச்சு விட்டு, "லக்கி ஆத்மி ஹை ரே" என்றான், அதிர்ஷ்டக்கார ஆளடா இவன் என்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அவன் பேரே அதுதான்டா!" என்று ஆரம்பித்து, ஃபாதர் சொன்னதையும் ரோம் தளபதியையும் இந்தியில் கொட்டினேன். தளபதிக்கு என் பங்காக ஒரு குதிரையும் கொடுத்தேன். மேலே அம்பு மழை பெய்தும் கீறல்கூட விழவில்லை என்றேன். தட்டு விழுந்ததை சுர்வேயிடம் சொல்லவேண்டும் என்பது விதி. நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஃபெலிக்ஸ் என்றால் அதிர்ஷ்டசாலி என்ற சேதி மட்டும் சாயங்கால பஸ்ஸுக்குள் பன்னிரண்டு ஷெட்டுக்கும் போய்விட்டது.

மறுநாளே தத்து ஆரம்பித்துவிட்டான். கடையில் முதல் வியாபாரத்தை நாம் போணி என்போம், அவர்கள் போஹணி என்பார்கள். நல்ல கைக்காரன் போணி செய்தால் நாள் முழுக்க நன்றாக ஓடும். அதேபோல் காலையில் குழாய்க்குள் மருந்தை அழுத்துகிற பிரஸ்ஸில் முதல் தட்டை ஃபெலிக்ஸ்தான் வைத்து அழுத்தவேண்டும் என்றான். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பிரஸ்ஸில் முதல் தட்டு என்றால் எல்லோருக்குமே பயம்தான். அதனால் யாரும் மறுக்கவில்லை. ஃபெலிக்ஸ் மட்டும், "என்ன ஏண்ணா?" என்று என்னைப் பார்த்தான். நான் அவன் முதுகில் தட்டி, "பேரு அப்பிடி, போ" என்றேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். காலை ஏழு மணிக்கு அவன் வாசலில் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்துவான். உடம்பில் இருக்கும் மின்சாரம் பூமிக்குள் இறங்குவதற்காக எல்லோரும் செய்வதுதான். நாங்கள் இரண்டு எண்ணுவோம், அவன் நூறு எண்ணுவான். பிறகு தனியாக உள்ளே போவான். நாங்கள் மூன்று பேரும் மண்மேட்டுக்குப் பின்னால் குந்தியிருப்போம். பிரஸ் 'டக்' என்று இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து போவோம். பத்து நிமிஷ வேலைக்கு அவன் அரைமணி எடுத்துக்கொள்வான். உள்ளே ஜெபமாலை சொல்கிறான் என்று கிண்டல் செய்வோம். வெளியே நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் அந்த அரைமணியில்தான் பேசினோம். பயத்தில் ஆள் நிறையப் பேசுவான்.

தொண்ணூற்று ஆறில் மச்சினி கல்யாணத்துக்கென்று ஃபெலிக்ஸ் நாலு நாள் திண்டிவனம் போனான். ஏழாம் ஷெட்டிலிருந்து ஒருத்தரை மாற்றாக அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலை, முதல் தட்டு, அவர் கையை முழுக்க வெளியே எடுப்பதற்குள் ஒரு குழாய் வெடித்தது. இரண்டு விரல் போயிற்று. மேட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிப்போய்ப் பார்த்த எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஃபெலிக்ஸுக்கு லீவு கிடையாது. சுர்வே கொடுத்தாலும் நாங்கள் விடமாட்டோம். காய்ச்சல் என்றால் தத்து அவன் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போவான். கணபதி பூஜையன்று அவன் நெற்றியிலும் குங்குமம் வைத்து, பிரஸ்ஸுக்குப் போட்ட மாலையில் பாதியை அவனுக்குப் போட்டார்கள். பலி ஆட்டுக்கும் மாலை போடுவார்களே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவன் மனைவி செல்வமேரி ஒருமுறை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, அவரு தூங்கறதே இல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலமானா வாந்தி எடுக்கறாரு. காலைல கெளம்பறப்ப கொழந்தைய ஒவ்வொரு தடவையும் கடைசியா பாக்கற மாதிரி பாக்கறாரு. அவர அந்த ஷெட்ட விட்டு வெளிய எடுங்கண்ணா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்," என்றாள். "ஆகட்டும்மா, பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

தொண்ணூற்று ஒன்பதில் ஃபெலிக்ஸே துணிந்து சுர்வேயிடம் போய் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றல் கேட்டான். அங்கே அட்டைப்பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது, அவ்வளவுதான். சுர்வே நல்ல மனிதர்தான், ஆனால் ஆட்களைப் பகைத்துக்கொள்ள மாட்டார். "உன் ஷெட்டில் இருக்கும் மூன்று பேரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும், மாற்றிவிடுகிறேன்" என்றார். ஃபெலிக்ஸ் அழகாக ஒரு கடிதம் எழுதி, கீழே மூன்று கோடு போட்டு என்னிடம் கொடுத்தான். இஸ்மாயில் பாயும் தத்துவும் நான் போட்டால் போடுவதாகச் சொன்னார்கள். நான் அதை மடித்து என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

மாசாமாசம் கேட்பான். "அண்ணா, அந்தக் கடுதாசி?"

"இரு, பேசிட்டிருக்கேன்."

யாரோடும் பேசவில்லை. அவன் போனால் மறுநாள் முதல் தட்டு யாருக்கு என்று எனக்குத் தெரியும். சீனியர் நான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் என்னை ஃபாதரிடம் இழுத்துக்கொண்டு போனான். அன்று அவனிடம் நடுக்கத்தைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. "சாமி, அன்னிக்கி பாதில விட்டத இவருக்கு முழுசா சொல்லுங்க" என்றான்.

ஃபாதர் ஸ்தனிஸ்லாஸ் என்னை உட்காரவைத்தார். "அந்த வார்த்தைய ரோமாக்காரங்க முதல்ல மரத்துக்குத்தான் சொன்னாங்க, ஜம்பு. காய்க்கிற மரம், செழிப்பான மரம். அதிர்ஷ்டம்கறதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. பைபிள்ல பவுல சிறையில வெச்சிருந்த கவர்னர் பேரும் ஃபெலிக்ஸ்தான், தெரியுமா? பவுல் தீர்ப்பு நாளப் பத்திப் பேசப் பேச அந்த மனுஷன் வெலவெலத்துப் போயிட்டான். பேரு அவனுக்கு என்ன பண்ணுச்சு?"

"அந்தப் புனிதரு?" என்று ஃபெலிக்ஸ் எடுத்துக் கொடுத்தான்.

"ஆமா, இவனோட புனிதர். பிடிக்க வந்தவங்களுக்குப் பயந்து இடிஞ்ச செவுத்துச் சந்துல ஒளிஞ்சார். வாசல்ல சிலந்தி கூடு கட்டிடுச்சு. கூடு அறுபடாம இருக்கு, உள்ள ஆள் போயிருக்க முடியாதுன்னு நெனச்சு அவங்க திரும்பிட்டாங்கன்னு கதை. அவர் நெஞ்ச நிமித்திக்கிட்டு எதுக்க போய் நிக்கல. பயந்தார், ஒளிஞ்சார், பொழச்சார். அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் ஃபெலிக்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "முதல்ல சொன்னத நீங்கதானண்ணா கம்பெனில போய்ச் சொன்னீங்க. இதையும் சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவானுங்க."

சொல்கிறேன் என்று சத்தியம்கூடப் பண்ணினேன். திங்கட்கிழமை மேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தபோது வாய்வரை வந்தது. உள்ளே பிரஸ் இன்னும் இறங்கவில்லை. தத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டேன். குதிரையும் அம்பு மழையும் சேர்த்து ஒரு பொய்யைப் பரப்பத் தெரிந்த வாய்க்கு, உள்ளதைச் சொல்லத் தெரியவில்லை. அவன் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சிரித்தோமே, அவன் பயந்துகொண்டே உள்ளே போனான். நாங்கள் மூன்று பேரும் பயந்துகொண்டு வெளியே இருந்தோம். யார் பெரிய பயந்தாங்கொள்ளி என்று இப்போது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் பனியும் இல்லை, ஈரமும் இல்லை. காற்று காய்ந்து கிடந்தது. சீப்பைத் தலையில் வைத்தால் முடி எழும்பி ஒட்டியது. அப்படிப்பட்ட நாட்களில்தான் உடம்பில் மின்சாரம் ஏறும், ஒரு பொறி போதும். அன்று காலை ஃபெலிக்ஸ் செம்புத் தகட்டில் கையை வைத்தான். நூறு எண்ணியிருப்பான். இருநூறும் ஆகியிருக்கும். கையை எடுக்கவில்லை.

"ஃபெலிக்ஸ், போ" என்று மேட்டுக்குப் பின்னாலிருந்து தத்து கத்தினான்.

நான் எழுந்து போனேன். பக்கத்தில் போனதும் அவன் என்னைப் பார்க்காமலே, "இன்னிக்கி முடியலண்ணா. காலு வரல" என்றான். பல் கிட்டித்துப் பேச்சு குழறியது. வழக்கம்போல அவன் முதுகில் கையை வைத்தேன், தள்ளுவதற்குத்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கீழே பார்த்தேன். காக்கி பேண்ட் தொடையிலிருந்து கால்வரை ஈரம். சிமெண்ட்டில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. முப்பத்தாறு வயது ஆள், ஒரு பெண்ணுக்கு அப்பன். தகட்டிலிருந்து கையை எடுக்காமல் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தான்.

தீயணைக்க வைத்திருந்த தண்ணீர் வாளியை எடுத்து, தடுக்கி விழுந்த மாதிரி அவன் மேலும் என் மேலும் கவிழ்த்துவிட்டேன். "அரே, பானி கிர் கயா!" என்று, தண்ணீர் கொட்டிவிட்டதாகக் கத்தினேன். தத்துவுக்கும் பாய்க்கும் ஒன்றும் தெரியவில்லை. என் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒரே பொய் அதுதான். அவனை உடை மாற்ற அனுப்பிவிட்டு நேராக லாக்கருக்குப் போய்க் கடிதத்தை எடுத்தேன். மடிப்பில் தாள் கிழிந்திருந்தது. முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மற்ற இருவரிடமும் ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். குதிரையும் அம்பும் என் கைச்சரக்கு என்பதையும் சொன்னேன். பாய் தாடியைத் தடவினார். "எனக்கும் தெரியும், ஜம்பு. பேருல என்ன இருக்கு? ஆனா யாராச்சும் ஒருத்தன் போகணுமில்ல, அதான் கம்முனு இருந்துட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தத்து போடமாட்டேன் என்றான். நாளை யார் போவது என்று கேட்டான். "நான் போறேன்" என்றேன். சொன்ன பிறகு என் காதில் விழுந்தபோதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. தத்து சட்டென்று போட்டுவிட்டான். சுர்வே அன்றே மாற்றல் கொடுத்தார்; ஷெட் வாசல் ஈரத்தைக் காட்டி அன்று பிரஸ்ஸை ஓட்டாமல் விட்டோம்.

அன்று வீட்டில் ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை. என் மனைவி சாவித்ரி என்ன என்று கேட்டாள். பல்வலி என்றேன்.

மறுநாள் பாயும் தத்துவும் மேட்டுக்குப் பின்னால் போனார்கள். நான் செம்புத் தகட்டில் கையை வைத்தேன். எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை நிற்கவில்லை. இதை ஒருத்தன் எட்டு வருஷத்துக்கு மேல், அந்த நாலு நாள் தவிர விடாமல் செய்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குக் கண் இருட்டியது. கதவைத் தொட்டேன். தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே பிரஸ்ஸுக்கு முன்னால் ஃபெலிக்ஸ் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஈரத்துணி. பிரஸ்ஸின் அடித்தட்டைத் தூக்கி வைத்து, அதன் காடிப் பள்ளத்துக்குள் துணியை ஒரு மூங்கில் குச்சியில் சுற்றி விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். துணியில் வெளுப்பாக மாவு மாதிரி ஒட்டியிருந்தது. கடைசியாக வேலை நடந்த அன்று சிந்திய மருந்து. ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லை, ஆனால் ஒரு விரலை எடுக்க அது போதும். வேலை முடிந்ததும் துடைக்கவேண்டியது எங்கள் பொறுப்பு. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் மேலே மட்டும் துடைத்துவிட்டுப் போவோம்.

"நீ ஏன்டா இங்க?" என்றேன்.

"பேக்கிங் எட்டு மணிக்குத்தானண்ணா. வாட்ச்மேன் ஜீப்புல மொதல்லயே வந்துட்டேன்." நடுங்கும் கையாலேயே ஓரம் ஓரமாகத் துடைத்தான். "நான் லீவுல போனப்ப இத யாரும் தொடைக்கல. அந்த ஆளு வெரலு போச்சு. நீங்களும் தொடைக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ராவெல்லாம் தூக்கமில்ல. உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா... எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுண்ணா."

அரைமணி நேரம் உள்ளே அவன் என்ன செய்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதிர்ஷ்டம் என்று நாங்கள் மாலை போட்டுக் கும்பிட்டது ஒரு ஈரத்துணியை. நான் கீழே உட்கார்ந்து அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். "எந்திரி. வெளிய போ" என்றேன். அவன் போகவில்லை. இன்னும் இடது ஓரம் பாக்கி என்றான். சட்டையைப் பிடித்துத் தூக்கி, கிட்டத்தட்ட கழுத்தைப் பிடித்து, வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இடது ஓரத்தை நான் துடைத்தேன். வலது ஓரத்தையும் மறுபடி துடைத்தேன். தட்டை வைத்து, கவசத் தகட்டுக்குப் பின்னால் வந்து, அப்பா அம்மா சாவித்ரி எல்லோரையும் நினைத்துக்கொண்டு பிடியை இறக்கினேன். டக்.

வெளியே வந்தபோது பாய்க்கும் தத்துவுக்கும் நடுவில், காதைப் பொத்திக்கொண்டு ஃபெலிக்ஸ் குந்தியிருந்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், விரல்களைப் பார்த்தான்.

"பேக்கிங்குக்கு நேரமாச்சு, போ. இனிமே இந்தப் பக்கம் வந்தா காலை ஒடச்சிடுவேன்" என்றேன்.

கம்பெனி மூடுகிற வரை ஏழு வருஷம் அவன் பெட்டி மடித்தான், லேபிள் ஒட்டினான். சாப்பாட்டு வேளையில் அவன் சிரிக்கிற சத்தம் கேன்டீன் வாசல்வரை கேட்கும். நான் தினமும் காலையில் தனியாக அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் மண்டிபோட்டேன், ஒரு நாள்கூட நடுக்கம் நிற்கவில்லை. நான் சரியாகத் துடைக்கவில்லை என்று தெரிந்தால் அவன் திரும்பி வந்துவிடுவான். அந்தப் பயத்திலேயே ஓரம் ஓரமாகத் துடைத்தேன்.